பரிசுக்கு முப்பது விநாடி

2023ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பீகாக் தியேட்டரில், பழைய காலத்து ஐரோப்பிய வீரனைப் போல் உலோகக் கவசம் தரித்த ஒருவர் மேடையேறி, அவ்வாண்டின் சிறந்த வீடியோ கேமுக்குரிய பரிசைப் பெற்றுக்கொண்டார். பெல்ஜியம் தேசத்துக் கெண்ட் நகரில் லாரியன் ஸ்டூடியோஸ் என்னும் ஸ்தாபனத்தை 1996இல் தொடங்கி இன்றளவும் நடத்திவரும் ஸ்வென் விங்கே என்பவர் அவர்; 'பால்டர்ஸ் கேட் 3' என்ற அந்த கேமைச் செய்து முடிக்க அவருக்கும் நானூறுக்கு மேற்பட்ட அவருடைய சகாக்களுக்கும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடித்தன. விழாவுக்குச் சில வாரங்களே முன்னதாகக் காலமான ஒரு சகாவின் பெயரை எடுத்துச் சொல்லி அவர் அஞ்சலி செய்துகொண்டிருந்த வேளையில், மேடைக்கு எதிரே இருந்த திரையில், 'தயவுசெய்து முடித்துக்கொள்ளுங்கள்' என்ற வாசகம் பெரிய எழுத்துக்களில் ஒளிர்ந்தது. சபையில் இருந்த யாரோ அதைப் படம் பிடித்து வெளியிட, பரிசு யாருக்கு என்பதைக் காட்டிலும் அந்த வாசகத்தைப் பற்றியே மறுநாள் ரசிகர்கள் அதிகம் பேசும்படி ஆயிற்று.

'தி கேம் அவார்ட்ஸ்' என்று பெயர் கொண்ட இந்த விழா, ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடைபெறுகிறது. அங்கே மாலை ஐந்து மணிக்கு விழா தொடங்கும்போது நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஆறரை ஆகிவிடுகிறபடியால், நம் ஊரில் இதை விடாமல் பார்க்கிறவர்கள் காலைக் காபியோடுதான் பார்க்கவேண்டியிருக்கிறது. 2014இல் முதல் விழாவைப் பார்த்தவர்கள் 19 லட்சம் என்றும், 2024இல் அந்த எண்ணிக்கை 15 கோடியே 40 லட்சத்தை எட்டிவிட்டது என்றும் விழாவை நடத்துகிறவர்கள் சொல்லுகிறார்கள். பின்னது தலைகளின் கணக்கு ஆகாது; உலகின் பல பாகங்களில் ஓடிய நேரலைகளின் கணக்கு; ஒரே மனிதர் பஸ்ஸில் கைப்பேசியிலும் வீட்டில் கணினியிலுமாகத் திறந்தால் இரண்டாக எண்ணப்படக்கூடியது. ஆயினும், பாதிக்குப் பாதி தள்ளிவிட்டுப் பார்த்தாலும், பெரும்பாலான சினிமாப் பரிசு விழாக்கள் பொறாமைப்படவேண்டிய தொகைதான்.

இத்தனை பெரிய சபையைக் கூட்டிவைத்துவிட்டு, யாரை கௌரவிப்பதற்காகக் கூட்டினார்களோ அவருக்குப் பேச 2023இல் போல் முப்பது விநாடி கொடுப்பது எந்த நியாயம் என்பதுதான் எனக்கு இந்த விழாவைப் பற்றியுள்ள ஒரே பெரிய வழக்கு. விளம்பரம் நடக்கிறது, வியாபாரம் நடக்கிறது என்று மூக்கைச் சுளிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். வியாபாரம் இல்லாமல் இந்தக் கலை பிறந்ததுமில்லை, வளர்ந்ததுமில்லை. ஆனால், ஒரு சினிமாவைப் பார்த்தால் நடிகர் முகமாவது தெரிகிறது, பாட்டைக் கேட்டால் பாடியவர் குரலாவது தெரிகிறது. ஒரு கேமை நூறு மணி நேரம் ஆடி முடித்தவனுக்கு அதைச் செய்தவர்களில் ஒருவருடைய முகமேனும் தெரிந்திருப்பது அபூர்வம். ஆண்டில் ஒரே ஓர் இரவில்தான் அந்த முகம் வெளிச்சத்துக்கு வருகிறது. அந்த இரவிலும் சிக்கனமா?

விழாவின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். இதன் கர்த்தா ஜெஃப் கீலி என்னும் கனடா தேசத்துப் பத்திரிகையாளர். 1994இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'சைபர்மேனியா' என்ற பெயரில் வீடியோ கேம் பரிசு நிகழ்ச்சி ஒன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. ஹாஸ்ய நடிகர் லெஸ்லி நீல்சன் அதைத் தொகுத்து வழங்கினார். பள்ளிச் சிறுவனாக இருந்த கீலி அந்த நிகழ்ச்சிக்கு எழுத்து வேலையில் உதவி செய்தார். பின்னர் 2003 முதல் ஸ்பைக் என்ற தொலைக்காட்சி நிலையம் ஆண்டுதோறும் ஒரு விழாவை நடத்தியது. அதிலே பிரபல நடிகர்களின் வேடிக்கைப் பேச்சு முன்னால் நின்றது, கேம்களைச் செய்தவர்கள் பின்னால் நின்றார்கள். 2013இல் அந்த விழாவைப் பெயரும் உருவமும் மாற்றி நடத்திப் பார்த்தார்கள்; ரசிகர்கள் சகிக்கமுடியாமல் ஏசினார்கள். அதில் தயாரிப்பாளராகவும் அறிவிப்பாளராகவும் இருந்த கீலி, அத்தோடு அந்த உறவை முடித்துக்கொண்டு, தம் சொந்தப் பணத்தையும் போட்டு, 2014 டிசம்பர் 5ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் தாமே ஒரு விழாவை நடத்தினார். எந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கும் தனியுரிமை கொடாமல், யூடியூபிலும் ட்விட்சிலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது அவருடைய சாமர்த்தியம். விழா இவ்வளவு சீக்கிரத்தில் இவ்வளவு பெரிதானதற்கு அதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பரிசுச் சிலையை நியூசிலாந்திலுள்ள வேட்டா வொர்க்ஷாப் செய்து கொடுக்கிறது. சினிமாவாக வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைகளுக்கு ஆயுதமும் அரக்கர் முகமும் செய்த அதே பட்டறை. சின்னச் சின்னக் கட்டங்களினின்றும் ஒரு தேவதை எழும்பி மேலே செல்வதாக அதன் வடிவம். விழாவின் கடைசிப் பகுதியில், பெரும்பரிசுக்குப் போட்டியிடும் கேம்களின் இசையை ஒன்றோடொன்று கோத்து, லார்ன் பால்ஃப் என்ற ஸ்காத்லாந்து இசையமைப்பாளரின் தலைமையில் ஒரு முழு வாத்தியக் குழு வாசிப்பது சம்பிரதாயம். 2022இல் அந்தக் குழுவில் புல்லாங்குழல் வாசித்த பெட்ரோ யூஸ்டாச் என்ற வித்துவான், உடல் முழுவதும் ஆடிக் குலுங்க, மூச்சையெல்லாம் குழலுக்குள் கொட்டி வாசித்ததைக் கண்டு ஜனங்கள் மயங்கிப்போய், பெயர் தெரியாமலே 'புல்லாங்குழல்காரர்' என்று அவரைக் கொண்டாடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுகளில் அவர் மேடைக்கு வந்தாலே கரகோஷம். இந்த ஆறேழு நிமிஷ சங்கீதத்தை மட்டும் யாரும் அவசரப்படுத்துவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, வெளிப்பார்வைக்குத் தோன்றுவதைவிட நிதானமானது. உலகெங்கும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளும் இணைய இதழ்களும் நடுவர்கள். ஒவ்வோர் இதழும் தன் விமர்சகர்களைக் கூட்டிப் பேசி ஒரே சீட்டு எழுதுகிறது. முதற்சுற்றில் பெயர்கள் தேறுகின்றன, இரண்டாம் சுற்றில் பரிசு முடிவாகிறது. நடுவர் வாக்குக்கு நூற்றில் தொண்ணூறு பங்கு மதிப்பு, பொதுமக்கள் வாக்குக்குப் பத்துப் பங்கு. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ போன்ற பெரிய கம்பெனிகளின் பிரதிநிதிகள் ஆலோசனை சபையில் இருக்கிறார்கள் எனினும் வாக்களிப்பதில்லை. ஜனங்களின் வாக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு விடை சுலபம்: சமூக வலைத்தளங்களில் அபிமானிகள் படை திரட்டக்கூடிய இக்காலத்தில், ஆளைக் கொண்டுவந்து குவிப்பவன் எவனோ அவனுக்கே பரிசு போய்ச் சேரும். முழுதும் மக்களே வாக்களிக்கும் பரிசு ஒன்றும் தனியே உண்டு. 2024இல் அந்தப் பரிசு, குரங்கு வீரனின் பழங்கதையை ஆதாரமாகக் கொண்ட 'பிளாக் மித்: வூகாங்' என்ற சீன கேமுக்குப் போயிற்று, நடுவர்களோ, சோனி கம்பெனியின் டோக்கியோ ஸ்டூடியோவில் பிறந்த 'ஆஸ்ட்ரோ பாட்' என்ற சின்னஞ்சிறு ரோபோவின் துள்ளாட்டத்துக்குப் பெரும்பரிசைக் கொடுத்தார்கள். வூகாங்கின் தலைமைப் படைப்பாளி, ஏற்புரையை ஈராண்டுக்கு முன்பே எழுதிவைத்திருந்ததாகப் பிற்பாடு தம் ஏமாற்றத்தை ஒளிக்காமல் வெளியிட்டார். அவர் எழுதிவைத்திருந்தது முப்பது விநாடிக்குள் அடங்குவதாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இந்த முறையிலும் கோளாறு இல்லாமல் இல்லை. நூறு மணி நேரம் ஆடினாலும் முடியாத கேம்கள் பல ஓர் ஆண்டில் வெளிவருகின்றன. அவ்வளவையும் முடித்த விமர்சகர் உலகத்திலேயே இருக்கமுடியாது. ஆகவே ஏற்கெனவே பேசப்பட்டதே மறுபடியும் பேசப்படுகிறது. நவம்பர் பிற்பகுதியில் கணக்கை மூடிவிடுகிறார்களாதலால், டிசம்பரில் வெளியாவது அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்விடும். அதற்குள் அதன் ஞாபகம் மங்கிவிடும். 2020ஆம் ஆண்டு விழா நடந்த டிசம்பர் 10ஆம் தேதியே, அதுவரையில் உலகம் ஆவலோடு எதிர்பார்த்திருந்த 'சைபர்பங்க் 2077' கடைக்கு வந்தது. பரிசு யாருக்கு என்று பார்க்கவேண்டிய ரசிகர் கூட்டத்தில் ஒரு பாதி அன்றைக்கு அதை ஆடிப் பார்ப்பதிலும், அதில் மலிந்து கிடந்த பிழைகளைக் கண்டு திட்டுவதிலும் ஈடுபட்டிருந்தது.

தேர்த்திருவிழாவுக்குப் போகிற ஜனங்களில் தேரைப் பார்க்கப் போகிறவர்கள் சிலர், வளையல் கடையையும் ராட்டினத்தையும் பார்க்கப் போகிறவர்கள் பலர். அதனால் தேர் நின்றுவிடுவதில்லை. இந்த விழாவின் வளையல் கடை, டிரெய்லர்கள். இனி வரப்போகும் கேம்களின் முன்னோட்டங்கள் 'உலகிலேயே முதன்முறையாக' என்ற முழக்கத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு நிமிஷக் கணக்கில் பணம் வாங்கப்படுகிறது, சிலவற்றுக்கு இலவசமாக இடம் தரப்படுகிறது. விழாச் செலவுக்கு இந்தப் பணம் வேண்டும். ரசிகர்களிலும் மிகப் பெரும்பாலோர் டிரெய்லருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளவும் அவர்கள் வெட்கப்படுவதில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டியையே இந்த மேடையில்தான் முதலில் காட்டியது. 'செகிரோ' என்ற ஜப்பானிய கேம் அன்று பெரும்பரிசு வாங்கியதை மறந்தவர்கள்கூட, அந்தக் கறுத்த பெட்டியை மறக்கவில்லை. இதன் விளைவு என்னவென்றால், ஏறக்குறைய முப்பது பரிசுப் பிரிவுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றையே மேடையில் முறைப்படி வழங்குகிறார்கள். மற்றவற்றை, ரயில் நிலையத்தில் வண்டி வரவு அறிவிப்பதுபோல், நான்கைந்தாக ஒரே மூச்சில் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நேரக் கட்டுப்பாடு கண்டிப்பானதற்கு ஒரு தனிக் கதை உண்டு. 2022இல் 'காட் ஆஃப் வார்: ராக்னராக்' என்ற கேமில் கிராடோஸ் என்ற பாத்திரத்துக்குக் குரலும் அங்க அசைவும் தந்த கிறிஸ்டஃபர் ஜட்ஜ் என்ற நடிகர், அல் பசினோவின் கையால் பரிசு வாங்கிக்கொண்டு, எட்டு நிமிஷம் பேசினார். வாழ்க்கையைப் பேசினார், சக நடிகர்களைப் பேசினார், வாத்தியக்காரர்கள் முடிவு இசையைத் தொடங்கியும் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு மேடைக்கு வந்தவர், அவ்வாண்டு வெளியான ஒரு பிரபல யுத்த கேமின் கதைப்பகுதியைவிடத் தம் பேச்சு நீளம் என்று தாமே பரிகாசம் செய்தார். அந்த கேமைச் செய்தவர்களில் சிலருக்கு அது உறைத்தது. ஒருவர் பேசிய எட்டு நிமிஷத்துக்கு அடுத்த ஆண்டு எல்லோரும் அபராதம் கட்டினார்கள். இசை சீக்கிரமாகவே தொடங்கிவிட்டது என்று கீலியே பின்னர் ஒப்புக்கொண்டார். 2024இல் பிடி சற்றுத் தளர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேசவிட்டால் இவர்கள் என்னதான் பேசிவிடுவார்கள் என்று கேட்கலாம். இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மேடையிலிருந்து எழுந்தவற்றுள் என் மனத்தில் தங்கிவிட்டவை எல்லாம் பேச்சுக்களே. டிரெய்லர் ஒன்றுகூட இல்லை.

2016ஆம் ஆண்டு சமுதாய நோக்குடைய கேமுக்கான பரிசு, 'தட் டிராகன், கேன்சர்' என்பதற்குக் கிடைத்தது. ரயன் கிரீனும் அவர் மனைவி ஏமி கிரீனும் தங்கள் மகன் ஜோயலைப் பற்றிச் சிலரோடு சேர்ந்து உருவாக்கியது அது. ஒரு வயதில் புற்றுநோய் என்று தெரிந்து, ஐந்து வயதில், 2014இல் அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. கேம் என்றால் ஜெயிப்பதற்கு ஏதேனும் ஒரு வழி இருந்தாக வேண்டும். இதிலோ ஆஸ்பத்திரி அறையில் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த என்ன செய்தாலும் முடிவதில்லை, விளையாடுகிறவன் கையில் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கவேண்டியதுதான். அந்தத் தகப்பனார் மேடையில் நின்று கண்ணீரோடு பேசியபோது, துப்பாக்கிச் சத்தமும் கைதட்டலும் மாறி மாறிக் கேட்டுப் பழகிய அந்தச் சபை அசையாமல் கேட்டது.

மறு ஆண்டு, 2017இல், சிறந்த நடிப்புக்கான பரிசை மெலினா யூர்கன்ஸ் என்ற பெண்மணி பெற்றார். இங்கிலாந்திலுள்ள நின்ஜா தியரி ஸ்டூடியோவில் அவருடைய உத்தியோகம் வீடியோ தொகுப்பது. நடிப்பை யந்திரத்தில் பதிவு செய்யும் முறையைப் பரிசோதிப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததால் அவரை நிற்கச் சொன்னார்கள். நின்றவரின் முகத்தில் கண்டதைப் பார்த்துவிட்டு, 'ஹெல்பிளேட்' என்ற கேமில் காதுக்குள் இடைவிடாமல் குரல்கள் கேட்கும் சித்தப் பேதலிப்போடு போராடும் கதாநாயகியாக அவரையே நடிக்கவைத்துவிட்டார்கள். அதற்குமுன் நடித்தே அறியாதவர், தொழில்முறை நடிகர்களையெல்லாம் தாண்டிப் பரிசை வாங்கினார். இதே ஆண்டு விழாவில்தான் ஜோசஃப் ஃபாரெஸ், வரப்போகும் தம் கேமைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், ஆஸ்கார் விழாவை அச்சில் ஏற்றமுடியாத சொல்லால் ஏசிவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனார். பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பிப் பத்து வயதில் சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சினிமா டைரக்டராகப் பெயர் வாங்கியவர் அவர். நான்கு ஆண்டு கழித்து 'இட் டேக்ஸ் டூ' என்ற அவருடைய கேம் பெரும்பரிசை வென்றபோது, பழைய ஏச்சை ஒருவரும் குற்றமாக நினைக்கவில்லை.

2019இல் நடந்தது இன்னும் வேடிக்கை. எஸ்தோனியா தேசத்துக் கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடி உருவாக்கிய 'டிஸ்கோ எலிசியம்', போட்டியிட்ட நான்கு பிரிவுகளிலும் வென்றது. குடியினால் தன்னையே மறந்த துப்பறிவாளன் ஒருவன், தோற்றுப்போன புரட்சி ஒன்றின் இடிபாடுகளுக்கிடையே கொலைக்குத் துப்புத் துலக்கும் கதை அது. சண்டை என்பதே ஏறக்குறைய இல்லை. பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. ஒரு தடித்த நாவலைவிட அதிகமான எழுத்து. அதை எழுதியவர்களில் ஒருவரான ஹெலன் ஹிண்ட்பெரே, அத்தனை பெருங்கம்பெனிகளின் விளம்பரங்களுக்கு நடுவில் நின்று, அரசியல் கல்வி அளித்ததற்காக மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்.

பேசமுடியாமல் போனதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2015இல் 'மெட்டல் கியர் சாலிட் 5' பரிசு பெற்றபோது, அதைப் படைத்த ஹிடியோ கோஜிமா சபையில் இல்லை. அவர் வேலை பார்த்த கொனாமி கம்பெனியின் வக்கீல், விழாவுக்குப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டதாகக் கீலி மேடையிலேயே அறிவித்தார், சபை கூச்சலிட்டது, கதாநாயகனுக்குக் குரல் கொடுத்த நடிகர் கீஃபர் சதர்லண்ட் பரிசை வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு, கொனாமியை விட்டு விலகிவிட்ட கோஜிமாவை அழைத்து, இத்துறையின் முன்னோடி என்ற கௌரவத்தைக் கொடுத்தபோது சபை முழுவதும் எழுந்து நின்றது. கீலிக்குள் இருக்கும் பத்திரிகையாளர் வியாபாரியை வென்ற தருணங்களில் அதை முதலாவதாகச் சொல்லுவேன்.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2023ஆம் ஆண்டு முழுவதும் இத்துறையில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்திருந்தும், அன்றைய விழாவில் அதைப் பற்றி நடத்துகிறவர்கள் வாய் திறக்கவில்லை. அன்று சிறந்த ஒலியமைப்புக்கான பரிசு, ஷின்ஜி மிகாமி தோற்றுவித்த ஜப்பானிய ஸ்டூடியோவான டாங்கோ கேம்வொர்க்ஸ் செய்த 'ஹை-ஃபை ரஷ்' என்ற கேமுக்குப் போயிற்று. தாளத்துக்குத் தக்கபடி அடியெடுத்து வைத்துச் சண்டையிடும் அந்த கேமில் மரமும் விளக்கும்கூட லயத்தோடு ஆடும். பரிசு வாங்கி ஐந்து மாதத்துக்குள், 2024 மே மாதத்தில், அந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி பின்னர் அதை எடுத்துக்கொண்டதால் பெயரேனும் பிழைத்தது. 2024 விழாவில், வேலை இழந்தவர்களுக்கு வேலை தேடித்தரும் பட்டியல்களைத் தம் ஓய்வு நேரத்தில் சலியாது தொகுத்துவந்த அமீர் சத்வத் என்பவருக்குப் புதிதாக ஒரு விருதை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். ஆட்குறைப்பைப் பற்றி கீலி அன்றுதான் மேடையில் வெளிப்படையாகப் பேசினார். தாமதம் என்றாலும் நல்லது.

அதே 2023இல், தமிழ் வாசகர்கள் அவசியம் அறியவேண்டிய ஒரு பெயரும் போட்டிப் பட்டியலில் இருந்தது: 'வெண்பா'. டொரான்டோ நகரத்தில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. குழுவின் தலைவர் அபி என்ற பெயரால் அறியப்படும் தமிழர். 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற தமிழ்ப் பெண்ணும், அவள் கணவன் பாவலனும், அங்கேயே வளர்ந்து தமிழைவிட்டு விலகிப்போகும் மகன் கவினுமே அதன் பாத்திரங்கள். தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு பயணத்தில் கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. எஞ்சியிருக்கும் அரைகுறை வரிகளையும் கோட்டுப் படங்களையும் வைத்து விளையாடுகிறவர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக எந்தக் கோணத்தில் அடுக்குவது, புட்டுக் குழாயில் மாவையும் தேங்காயையும் எந்த வரிசையில் போடுவது என்பவைதான் புதிர்கள். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இட்லி வெந்து தட்டைத் திறக்கும்போது எழும் ஆவியின் ஓசை முதற்கொண்டு, பழைய தமிழ்ப் படப் பாட்டின் சாயலில் வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் வரையில், எல்லாம் நம் வீட்டுச் சரக்கு. நம்மவர் வாழ்க்கையை வைத்து இவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட வேறொரு கேமை நான் கண்டதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு பிரிவுகளில் அதன் பெயர் இருந்தது. இரண்டிலும் பரிசு பிறருக்குப் போயிற்று. அறிமுகப் படைப்புக்கான பரிசு 'கொக்கூன்' என்பதற்கும், சமுதாய நோக்குக்கான பரிசு, நியூ காலிடோனியாத் தீவின் பூர்வகுடிப் பண்பாட்டைக் கருவாகக் கொண்ட 'ச்சியா' என்பதற்கும் கிடைத்தன. இரண்டும் தகுதியான படைப்புக்களே. மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோவில் சுயேச்சைப் படைப்பாளிகளுக்காக நடத்தப்படும் விழாவில், அகாலமாய் மறைந்த இளம் படைப்பாளி ஷேமஸ் மக்நாலியின் பெயரால் அமைந்த மகாபரிசை வெண்பா பெற்றது. அடுத்த மாதம் லண்டனில் பாஃப்டா அமைப்பும் சிறந்த அறிமுகப் படைப்பு என்று அதற்கே பரிசளித்தது. இந்தச் சிறிய கேம்களை நிதானமாக ஆடிப் பார்க்கும் பொறுமை, கேம் செய்கிறவர்களே நடுவர்களாக அமரும் இடத்தில் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டின் பெருங்கேம்களுக்கு நடுவே அவசரமாகச் சீட்டு எழுதும் விமர்சகரிடம் அதை எதிர்பார்ப்பதும் சற்றுப் பேராசைதான்.

சிறு குழு என்பது எது என்பதிலே இப்போது பெரிய தகராறும் எழுந்திருக்கிறது. 2025 டிசம்பர் 11ஆம் தேதி நடந்த விழாவில், பிரான்ஸ் தேசத்து மொன்பெல்லியே நகரின் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் செய்த 'கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33', பெரும்பரிசு உட்பட ஒன்பது பரிசுகளை வாரிக்கொண்டு போயிற்று. அதற்குமுன் 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வாங்கிய ஏழுதான் அதிகபட்சம். சுமார் முப்பது பேர் கொண்ட குழு. ஆனால் பின்னால் நின்று பணம் போட்ட பிரசுரகர்த்தர்கள் உண்டு, வெளியிலிருந்து உதவிய கைகளும் உண்டு. அதையும், ஒருவரே தம் அறையில் உட்கார்ந்து செய்ததையும் சுயேச்சைப் படைப்பு என்ற ஒரே பிரிவில் நிறுத்தினால், சின்னவனுக்கு ஏது வழி? முந்திய ஆண்டில் கனடா தேசத்து மனிதர் ஒருவர் தன்னந்தனியாகச் செய்த 'பலாட்ரோ' என்ற சீட்டாட்ட கேம் மூன்று பரிசுகளை வென்றது. லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் அவர் மேடைக்கே வரவில்லை.

கிளேர் ஆப்ஸ்கூரின் தலைமைப் படைப்பாளி கியோம் ப்ரோஷ், யூபிசாஃப்ட் என்ற பெருங்கம்பெனியின் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பரிசு பெற்ற மேடையில் அவர் நன்றி சொன்னவர்களின் வரிசையில், கேம் செய்வது எப்படி என்று யூடியூபில் பாடம் எடுத்துப் போடும் முகம் தெரியாத ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்ற பொருளில் பேசினார். அன்று அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு, மதுரையிலோ மனிலாவிலோ ஓர் அறையில் கணினிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் பையனுக்கு உண்டாகும் உற்சாகத்தை, கோடி ரூபாய் செலவில் எடுத்த எந்த முன்னோட்டமும் உண்டாக்கிவிடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரிவுகள் முப்பது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மேடையேற ஒரு நிமிஷமும் பேச இரண்டு நிமிஷமும் கொடுத்தால், ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். விழாவோ மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. வாத்தியக் குழுவுக்கு உரிய நேரத்தைக் கழித்தாலும், டிரெய்லர் போடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. எவற்றை வெட்டுவது என்று கீலிக்குத் தயக்கம் இருக்குமானால், சென்ற சில ஆண்டுகளில் இந்த மேடையில் 'உலகிலேயே முதன்முறையாக' என்ற முழக்கத்தோடு காட்டப்பட்டு, இன்றுவரை வெளிவராத கேம்களின் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.